குழியை மூடினால் லாரி எங்கே போகும்?

எங்கள் பேரூராட்சியின் செப்டிக் டேங்க் கழிவுக் குழி, ஊருக்கு வடக்கே ஏரிக்கரையைத் தாண்டிப் புறம்போக்கில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எந்த ஊர் என்பது வேண்டாம். பெயரை மாற்றிப் போட்டால் பக்கத்தில் பல ஊர்களுக்கும் பொருந்தும். குழிக்குத் தெற்கே நானூறு மீட்டரில் என் மாந்தோப்பு, அதில் ஒரு கிணறு. சிவில் டிப்ளமோ படித்தவன், பக்கத்து நிலத்துக்காரன் என்ற இரண்டு தகுதிக்காக, குழியை மூடுவது பற்றி யோசனை சொல்லும் ஆறு பேரில் என்னையும் சேர்த்தார்கள். கூட்டத்தில் வாயால் சொன்னதை எழுதியும் வைத்துவிடலாம் என்றுதான் இது.

மார்கழிக் கடைசியில் அளவெடுக்கப் போனோம். நீளம் 40 மீட்டர், அகலம் 25. லாரி கொட்டும் மூலையில் தண்ணீர் நின்றது. எதிர்மூலை காய்ந்து, பொருக்குத் தட்டி, வெடித்துக் கிடந்தது. அந்தப் பொருக்கு முழுக்கத் தக்காளிச் செடி. யாரும் நட்டதில்லை. தக்காளி விதை நம் வயிற்றில் செரிக்காது, செப்டிக் டேங்கிலும் சாகாது. மண்ணைக் கண்டதும் முளைத்துவிடும். ராயக்கோட்டை மண்டிக்குப் போகிற காயைவிடத் தளதளவென்று கொத்துக் கொத்தாகத் தொங்கியது. இரண்டு ஆடுகள் கரையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தன.

"தரை நல்லா இறுகிட்டாப்ல இருக்கே" என்றார் கூட வந்த கவுன்சிலர்.

லாரி ஓட்டுகிற தம்பி ஒன்றும் பேசாமல் ஒரு மூங்கில் கழியை என் கையில் கொடுத்தான். குத்தினேன். ஒரு சாண் வரை பொருக்கு. அதற்குக் கீழே தயிரில் இறங்குவது போல் இறங்கியது. அடியில் சரளை தட்டியபோது பாதிக் கழிக்கு மேல் உள்ளே. இழுத்துப் பார்த்தால் ஒன்றரை மீட்டருக்குக் கறுப்பு. ஆடுகள் ஏன் கரையோடு நின்றுவிட்டன என்பது அப்போது விளங்கியது.

சரி, கணக்குக்கு வருவோம். ஆயிரம் சதுர மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம்: 1500 கன மீட்டர் கசடு. குழியின் மொத்த ஆழம் இரண்டரை மீட்டர், ஆகவே மேலே ஒரு மீட்டர் காலி. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது ஒரு கேள்வி. கூட்டத்தில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். இன்னொரு கேள்வியை அந்தத் தம்பிதான் கேட்டான்: "அண்ணா, மூடறது சரி. மறுநாள் காலைல ஆறு மணிக்கு என் வண்டில லோடு இருக்கும். அதை நான் எங்க கொட்டணும்?"

முதல் கேள்விக்குப் பெரும்பாலோர் விடை மண்ணைத் தள்ளி மூடுவது. ஒரு வாரத்தில் வேலை முடியும், பெயர்ப்பலகை வைத்துப் படம் எடுக்கலாம். ஆயிரம் சதுர மீட்டருக்கு ஒரு மீட்டர் மண் என்றால் ஆயிரம் கன மீட்டர், நூறு கன அடியை ஒரு யூனிட் என்கிற நம் பேச்சில் 353 யூனிட். குழி தோண்டிய மண் கரையில் முழுதாக இருந்திருந்தால் கவலையில்லை. பாதிக்கு மேல் யார் யார் வீட்டு அஸ்திவாரத்துக்கோ போய்விட்டது. மிச்சத்தில் நூறு யூனிட் தேறலாம். மீதி 250 யூனிட்டை இரண்டு யூனிட் டிப்பரில் கொண்டுவந்தால் 125 லோடு.

அதுவும் ஒரே தடவையில் முடியாது. கூழாக இருக்கிற கசடு மேல் மண்ணைத் தள்ளினால் மண் ஒரு பக்கம் அமுங்கும், கசடு மறுபக்கம் எழும்பும். கரையை மீறி வழிந்தால் அடுத்தது ஏரி வாய்க்கால். ஜே.சி.பி. பொருக்கை நம்பி நாலடி உள்ளே போனால் அதைத் தூக்க இன்னொரு வண்டி வேண்டும். எப்படியோ மூடியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடியில் இருக்கிற ஈரம் கசியக் கசிய மேலே பள்ளம் விழும், மழைநீர் அங்கே தேங்கி உள்ளே இறங்கும். வருடா வருடம் மண் போட வேண்டும். போடுவார்களா? எங்கள் ஊர் மயானப் பாதைக்கு மூன்று வருடமாக ஒரு லோடு சரளை கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் ஆட்சேபணை பள்ளத்தோடு முடியவில்லை. குழி வந்து ஐந்து வருடம் ஆகிறது. நாளைக்கு இரண்டு லோடு, ஒரு லோடு 5000 லிட்டர். வருடத்துக்கு 300 நாள் என்றால் 3000 கன மீட்டர். ஐந்து வருடத்துக்கு 15,000. குழியில் இருப்பதோ 1500. மீதி எங்கே? வெயில் கொஞ்சம் குடித்திருக்கும். ஆனால் மழை அதில் ஒரு பங்கைத் திருப்பி ஊற்றியும் இருக்கும். கூட்டிக் கழித்தால் பாதிக்கு மேல் மண்ணுக்குள்தான் போயிருக்க வேண்டும். அடியில் தளமோ களிமண் பூச்சோ இல்லாத குழி இது. பெயர்தான் கழிவுக் குழி, செய்த வேலை உறிஞ்சு குழியின் வேலை.

நம் பக்கத்துப் பூமி மணல் பூமி கிடையாது. சில அடி மண், கொஞ்சம் சரளை, அப்புறம் பாறை. பாறையில் இருக்கிற வெடிப்புதான் தண்ணீருக்கு வழி. கிணறு வெட்டுகிறவர்களைக் கேட்டால், பத்தடி தள்ளி ஊற்றுக்கண் இருக்கும், இங்கே இருக்காது என்பார்கள். மணலில் கழிவுநீர் மெதுவாக வடிகட்டி இறங்கும்; வெடிப்பில் குழாய் மாதிரி ஓடும். அது என் கிணற்றுக்கு வந்ததா, வேறு பக்கம் போனதா என்பதைப் பரிசோதித்தால்தான் தெரியும். கிருமியைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். நைட்ரேட் கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. பால்குடி மாறாத குழந்தைகளுக்குத்தான் முதல் ஆபத்து.

"அதான் ஒகேனக்கல் தண்ணி வருதே" என்றார் ஒருவர். வருகிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதல் என்பதால்தான் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் சேர்த்து அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் பக்கத்து நாலு வீடும் குடத்தோடு வருவது என் கிணற்றுக்குத்தான். மாடுகளுக்கு ஒகேனக்கல் தண்ணீர் யாரும் காட்டுவதில்லை. ஃபுளோரைடு பாறை கொடுத்தது. நைட்ரேட்டையும் நாமே சேர்த்துக் கொடுக்க வேண்டுமா?

கசடை அப்படியே உறிஞ்சி வெளியூர் கொண்டுபோவது இரண்டாவது யோசனை. முந்நூறு லோடு. அடிக்கசடு கெட்டியாக இருப்பதால் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால்தான் ஓஸில் ஏறும். ஆகவே முந்நூறு நானூறாகும். இத்தனை லோடையும் வாங்கிக்கொள்ளும் இடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. இது இத்துடன் போதும்.

சுண்ணாம்பு போட்டு விடலாம் என்பது மூன்றாவது. சுண்ணாம்பு கெட்டிக்காரப் பொருள்தான். காரத்தைக் காட்டும் பி.எச். அளவு 12-க்கு ஏறி அரை மணி நேரம் அப்படியே நின்றால் வாடை அடங்கும், பாக்டீரியா சாகும். அமெரிக்காவில் வீட்டு செப்டிக் கழிவை நிலத்தில் விடும் முன் இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். ஆனால் அது லாரித் தொட்டியில் நீர்த்த கழிவுக்குச் சரிப்படும். ஒன்றரை மீட்டர் கூழில் யார் இறங்கிக் கலக்குவது? ஆளை இறக்குவது என்ற பேச்சே கூடாது. ஆளை இறக்கிக் கழிவை அள்ளவைப்பதைத் தடை செய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், உள்ளே தேங்கியிருக்கும் வாயுவுக்குச் சட்டம் தெரியாது. இன்னொன்று, குடலில் வாழும் உருண்டைப் புழுவின் முட்டை அரை மணி நேரச் சுண்ணாம்புக்கு மசியாது. ஆகவே வேலை நடக்கிறபோது வாடைக்கும் ஈக்கும் மேலாகத் தூவ நாலு மூட்டை இருக்கட்டும், அவ்வளவுதான்.

நான் சொல்வது காயவைத்து அள்ளுவது. இதற்கு ஒரு வருடம் ஆகும் என்பதால் கூட்டத்தில் முகம் சுளித்தார்கள். கணக்கைப் பாருங்கள். அடியில் இருக்கும் கசடில் பத்தில் ஒரு பங்குதான் திடப்பொருள் என்று வைத்துக்கொள்வோம், மீதி தண்ணீர். பத்தில் நாலு பங்கு திடப்பொருளாகும் வரை காயவைத்தால், மண்வெட்டியில் அள்ளுகிற பதம் வந்துவிடும். 1500 கன மீட்டர் 375 ஆகச் சுருங்கும். யூனிட்டில் 132. அதே டிப்பரில் 66 லோடு. மண் போட்டு மூட 125 லோடு உள்ளே வர வேண்டும், காயவைத்தால் 66 லோடு வெளியே போக வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிறகுதான் தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

குழியிலேயே விட்டால் காயாது. பொருக்கு மூடி போல உட்கார்ந்துகொண்டு அடியில் இருக்கும் ஈரத்தைக் காப்பாற்றும். தண்ணீரை லாரியில் உறிஞ்சிவிட்டு, கசடை வெளியே எடுத்து ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக, கால் மீட்டர் கனத்தில் பரப்ப வேண்டும். அரை ஏக்கரில் ஒரு தடவைக்கு 500 கன மீட்டர் பிடிக்கும், ஆக மூன்று தடவை. பண்ணைக்குட்டைக்குப் போடுகிற ஷீட்டை விரித்து, மேலே ஜல்லி, மணல் போட்டு, வடிகிற நீர் குழிக்கே திரும்பும்படி வாட்டம் கொடுக்கலாம். வெறும் மண்ணில் பரப்பினால் குழி செய்த தப்பையே அகலமாகச் செய்வதாகும். ஜே.சி.பி. கை எட்டாது, கை நீளமான ஹிட்டாச்சி வேண்டும். இரண்டு கரையிலும் நின்று ஆளுக்கு ஒன்பது மீட்டர் எட்டினால், நடுவில் மிச்சம் ஏழு மீட்டர். கூழ் என்பதால் அது தானாகச் சரிந்து வரும்.

காலம் முக்கியம். தையில் பரப்ப ஆரம்பித்தால் மாசி, பங்குனி என்று மூன்று பரப்பும் முடிந்துவிடும். சித்திரையில் கோடை மழை எப்போது இறங்கும் என்று மாமரம் வைத்திருக்கிற எவனாலும் சொல்ல முடியாது. ஆடிக்கு ஆரம்பித்தால் அடுத்த தைக்குத்தான் முடியும்.

காய்ந்தது உரம் என்று அன்றைக்கே அள்ளிக்கொண்டு போகக் கூடாது. உருண்டைப் புழு முட்டை காய்ந்த கசடிலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். நம்மூர் வெப்பத்தில் ஒரு வருடத்துக்கு மேல் குவித்து வைத்தபின் பயன்படுத்தலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மேலே தார்ப்பாய், சுற்றிலும் வேலி. சல்லடையில் சலித்தால் ஷாம்பு பாக்கெட்டும் நாப்கினும் எவ்வளவு வரும் என்பது அந்தப் பொருக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லாரிகள் வீட்டுக் கழிவை மட்டும்தான் கொட்டினவா என்பதும் ஒரு சந்தேகம். ஒர்க்‌ஷாப், சிறு தொழிற்சாலைத் தொட்டிகளையும் சுத்தம் செய்கிறார்கள். அதனால் கன உலோகம் சோதிக்காமல் ஒரு கூடை கூட வெளியே போகக் கூடாது.

காலியான குழியை நிரப்ப வேண்டாமா என்று கேட்டார்கள். வேண்டாம். அங்கே யாரும் வீடு கட்டப் போவதில்லை. அடியில் ஓரடி மண்ணைச் சுரண்டி எடுத்துக் கசடோடு சேர்த்துவிட்டு, கரையைச் சரிவாக்கி, வேலி போட்டால் போதும். அந்தப் பள்ளத்துக்கு வேறொரு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

இனி அந்தத் தம்பியின் கேள்வி. ஒவ்வொரு யோசனையையும் இன்னொரு யோசனையோடு ஒப்பிடுகிறோம். ஆனால் எல்லாவற்றுக்கும் உண்மையான போட்டி ராத்திரி பதினொரு மணிக்கு ஏதோ ஒரு கல்வெட்டுப் பாலத்தடியில் வால்வைத் திறந்துவிடுவதுதான். அதற்குச் செலவு இல்லை, தூரம் இல்லை, ரசீது இல்லை. எந்த ஏற்பாடு செய்தாலும் லாரிக்காரருக்கு அதைவிட லாபமாகவோ, குறைந்தபட்சம் அதைவிட நிம்மதியாகவோ இருக்க வேண்டும். உரிமத்தைப் பறிப்போம், ஜி.பி.எஸ். பொருத்துவோம் என்பதெல்லாம், கொட்ட ஓர் இடம் காட்டிய பிறகு பேச வேண்டியவை.

பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கிற ஊர் எங்களுக்கு 25 கிலோமீட்டர். அரசு 2014-இல் வெளியிட்ட கசடு மேலாண்மை நெறிமுறைகளும் அருகிலுள்ள நிலையத்தோடு சிறு ஊர்களை இணைக்கும் வழியைத்தான் காட்டின. போக வர 50 கிலோமீட்டர். சுமையோடு லாரி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் பன்னிரண்டரை லிட்டர் டீசல். ஏறக்குறைய 1200 ரூபாய், இரண்டு மணி நேரம். வீட்டுக்காரர் ஒரு லோடுக்கு இப்போது 2000 கொடுக்கிறார். இதை அவர் தலையில் கட்டினால் தொட்டி நிரம்பினாலும் கூப்பிட மாட்டார். லாரிக்காரர் தலையில் கட்டினால் கல்வெட்டுப் பாலம்.

அந்த நிலையத்துக்கும் ஒரு கஷ்டம் உண்டு. செப்டிக் கழிவு சாதாரணச் சாக்கடை நீர் மாதிரி இல்லை. கழிவின் வலுவை பி.ஓ.டி. என்று அளப்பார்கள். சாக்கடை நீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் அளவில் இருந்தால் இதில் 4000 கூட இருக்கலாம். நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர் வாங்கும் நிலையத்தில் நம் இரண்டு லோடு, அதாவது பத்தாயிரம் லிட்டர், அளவில் ஒரு சதவீதம்தான். சுமையிலோ 16 சதவீதம். இரண்டு லாரியும் காலை எட்டு மணிக்குப் போய் ஒரே நேரத்தில் திறந்தால் அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் திணறும். ஒரு தொட்டியில் வாங்கிவைத்துச் சிறிது சிறிதாக விட்டால் தாங்கும். நம்மைப் போல் நாலு ஊர் சேர்ந்துகொண்டால் தாங்காது. ஆகவே இது நிரந்தர ஏற்பாடு இல்லை, ஒரு வருடத்துக்கான ஏற்பாடு.

தோப்புக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தபோது நான் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டேன். முன்பு நானும் இரண்டு லோடு என் தோப்பில் விட்டிருக்கிறேன். மாமரம் அந்த வருடம் நன்றாகவே காய்த்தது. பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் விவசாயிகள் இதைக் கேட்டு வாங்கிப் பள்ளத்தில் காயவைத்துப் போட்டது தெரிந்த கதைதான். மரப் பயிருக்கு, காயவைத்து, கையுறை காலுறையோடு என்றால் யோசிக்கலாம். ஆனால் நம் பக்கம் மாமரத்துக்கு அடுத்த வரப்பில் தக்காளி, அதற்கு அடுத்ததில் கொத்தமல்லி. பச்சைக் கழிவு வரப்போடு நிற்குமா? என் இரண்டு லோடும் வரப்போடு நின்றதா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

பள்ளம் தோண்டி, கசடை நிரப்பி, மண்ணால் மூடி, இடையே மரம் நடுவது இன்னொரு முறை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆழமான மண்ணும் ஆழத்தில் நிலத்தடி நீரும் உள்ள இடத்துக்கு நல்ல ஏற்பாடு. எங்களுக்குக் கொஞ்ச ஆழத்திலேயே பாறை.

மிச்சம் இருப்பது சொந்தமாக, அல்லது பக்கத்து ஊர்களோடு சேர்ந்து, ஒரு சிறு கசடுச் சுத்திகரிப்பு நிலையம். பெரிய வார்த்தையாகத் தெரிகிறது, உள்ளே பார்த்தால் பெரும்பாலும் ஜல்லியும் மணலும் வெயிலும்தான். செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியில் ஒன்று மதுராந்தகத்துக்கும் சேர்த்து ஓடுகிறது. நமக்குப் பக்கத்தில், பெங்களூரை ஒட்டிய தேவனஹள்ளியில் 2015-இலேயே தொடங்கிவிட்டார்கள். இடம் எவ்வளவு வேண்டும் என்பதில்தான் எல்லோருக்கும் பயம். எங்கள் ஊரில் ஏறக்குறைய 4000 வீடு. வீட்டுக்கு 3 கன மீட்டர் தொட்டி, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை எடுத்தால் வருடத்துக்கு 4000 கன மீட்டர். இப்போது வருவதைவிட அதிகம், ஏனென்றால் தொட்டி பொங்கினால்தான் நாம் லாரியைக் கூப்பிடுகிறோம். அதில் திடப்பொருள் 80 டன். கசடைப் பரப்பிக் காயவைக்கும் உலர்படுக்கை ஒரு சதுர மீட்டர் வருடத்துக்கு 150 கிலோ உலர்த்தும் என்றால் 533 சதுர மீட்டர், பதின்மூன்று சென்ட். அவ்வளவுதான். வடிநீரைச் சுத்தம் செய்யும் நாணல் படுக்கை, குட்டை, லாரி திரும்ப இடம், குவித்து வைக்கக் கொட்டகை எல்லாம் சேர்த்தாலும் ஒரு ஏக்கருக்குள் அடக்கலாம்.

இந்த ஒரு ஏக்கரை எங்கே தேடுவது? எந்த ஊரில் கேட்டாலும் மறியல்தான். குழி இருக்கும் புறம்போக்கு இரண்டேகால் ஏக்கர். காலி செய்த பள்ளத்தில் ஷீட் போட்டால் அதுவே வடிநீர்க் குட்டை. இந்த வருடம் காயவைக்கப் போடும் அரை ஏக்கர் மணல் படுக்கையில் ஒரு மூலை அடுத்த வருடம் நிரந்தரப் படுக்கை. பக்கத்து நிலத்துக்காரன் நானே இதைச் சொல்கிறேன் என்பதால் சிலர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். வீட்டிலும் திட்டு விழுந்தது. ஐந்து வருடமாக அடியில் ஓட்டையோடு இருந்த குழிக்குப் பக்கத்தில் வாழ்ந்தவனுக்கு, அடியில் ஷீட் போட்ட குட்டை பயமாக இல்லை. நிலையம் வேறு ஊருக்குப் போய், குழி மண்ணுக்கடியில் அப்படியே கிடப்பதுதான் எனக்குப் பயம்.

ஆகவே என் வரிசை இது. தையிலிருந்து குழிக்கு லோடு நிறுத்தம். அன்றைக்கே 25 கிலோமீட்டர் நிலையத்தோடு ஒப்பந்தம். கொட்டிய ரசீதைக் காட்டினால் லாரிக்காரருக்குப் பேரூராட்சி லோடுக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும். வருடத்துக்கு அறுநூறு லோடு, ஆறு லட்சம். இந்த இடத்தில் கூட்டமே சிரித்தது: கழிவு கொட்டுகிறவனிடம் கட்டணம் வாங்குவார்கள், நீ கொடுக்கச் சொல்கிறாயே என்று. சிரிக்கட்டும். ஒரு லோடு ஏரி வாய்க்காலில் விழுந்தால் என்ன செலவு என்று யாராவது கணக்குச் சொன்னால் நானும் சிரிக்கிறேன். அந்த ஒரு வருடத்தில் குழியும் காலியாக வேண்டும், படுக்கையும் கட்டி முடிய வேண்டும். பணம் ஒதுக்கத் தாமதமானால் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்டார்கள். படுக்கை ஆறு மாதம் தள்ளிப் போகலாம், ரசீதுப் பணம் ஒரு வாரம் கூடத் தள்ளக் கூடாது என்றேன்.

தலைவர் இன்னும் பிடி கொடுக்கவில்லை. மண் மூடுகிற கோஷ்டியில் மூன்று பேர், என் பக்கம் இரண்டு. மூன்று பேரில் ஒருவருக்குச் சொந்தமாக டிப்பர் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

எது நடந்தாலும் அதற்கு முன்னால் கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பது என்பதில் மட்டும் ஆறு பேரும் ஒத்துக்கொண்டோம். மேட்டில் ஒரு கிணறு, பள்ளத்தில் இரண்டு. இப்போது ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்குத் திங்கட்கிழமை கொண்டுபோகிறோம். இரண்டாவது பாட்டிலில் என் கிணற்றுப் பெயரை நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.